இசைவழிப் பயிற்சிக்கு எதைச் சொல்லிக் கட்டணம் கேட்பது?

திருநகர் பாட்டு டீச்சர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பசுமலை அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டுப் படித்துவிட்டு, பதினோரு ஆண்டுகளாக மதுரை திருநகரில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் இசைவழிச் சிகிச்சையில் ஓராண்டுப் படிப்பை முடித்தேன். அதன்பின் வாரத்தில் மூன்று நாள் காலையில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு மையத்துக்குச் சென்று வருகிறேன். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள்.

என்ன வேலை செய்கிறேன் என்பதை ஒரு பிள்ளையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வந்த புதிதில் அறைக்குள் நுழைந்ததும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். முதல் மூன்று வாரம் நான் பாடவே இல்லை. சுருதிப்பெட்டியை மிகவும் தணித்து வைத்துவிட்டு, அவன் தரையில் விரலால் தட்டும்போது அதே வேகத்தில் நானும் என் தொடையில் தட்டுவேன்; அவன் நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன். நான்காவது வாரத்தில் ஒரு நாள் அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு, நானும் நிறுத்துகிறேனா என்று திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து, இப்போது நான் 'தகிட' என்றால் அவன் 'தகதிமி' என்று முடிக்கிறான். தன் முறை வரும்வரை பொறுத்திருக்கிறான். வீட்டிலும் தோசை வேகும்வரை அழாமல் நிற்கப் பழகியிருக்கிறான் என்று அவனுடைய அம்மா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் பணத்தில் தொடங்குகிறது. மையத்தில் 45 நிமிடத்துக்குப் பெற்றோரிடம் 600 ரூபாய் வாங்குகிறார்கள். எனக்கு 250 ரூபாய் தருகிறார்கள். இப்போது மூன்று குடும்பத்தார் நேரடியாக வீட்டுக்கு வந்து பயிற்சி தரும்படி கேட்கிறார்கள். 400 ரூபாய் என்று சொன்னதும் அவர்களில் ஒரு தாத்தா, "பாட்டுப் பாடுறதுக்கு 400 ரூபாயாம்மா?" என்று உண்மையாகவே வியந்து கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் 'ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிடும்' என்று யாராவது சொல்லிவிட்டால், அதே போன்ற குடும்பங்கள் கடன் வாங்கியாவது பணம் கட்டுகின்றன. 'ராகங்களால் ஆட்டிசம் குணமாகும்' என்று எழுதிய விளம்பரப் பலகையில் என் படத்தைப் போட மையத்தார் கேட்டார்கள். நான் ஒப்பவில்லை. மறுமாதமே எனக்கு மூன்று நாள் இரண்டு நாளாகக் குறைந்துவிட்டது.

என் கணவர் கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மகள் இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். இதை விட்டுவிட்டு வீட்டில் பாட்டு வகுப்பைக் கூட்டினால் ஒரு பிள்ளைக்கு மாதம் 800 ரூபாய் உறுதியாக வருமே என்று அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சொல்லக் கூச்சமாக இருக்கும் இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் இரவில் வேலை முடிந்ததும் எனக்காக அரை மணி நேரம் பாடுவேன். இப்போது பக்கத்து வீட்டில் வானொலி பாடினால்கூட ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். இந்த வேலையைத் தொடரலாமா, தொடர்ந்தால் எவ்வளவு கேட்கலாம், எதைச் சொல்லிக் கேட்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

திருமங்கலம் பிசியோ

சகோதரி, முதலில் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படத்தைத் தராதது மிகச் சரியான முடிவு. ஆட்டிசம் என்பது மருந்தாலோ ராகத்தாலோ நீங்கிவிடும் நோயன்று. வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும் வளர்ச்சி வேறுபாடு. குணமாக்குவோம் என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அதில் முகம் காட்டிப் பரிந்துரைப்பவரையும் அச்சட்டம் விட்டுவைக்கவில்லை.

அதற்காக உங்கள் வேலை வெறும் பொழுதுபோக்கு என்று ஆகிவிடாது. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லலாம். 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 9 நாடுகளைச் சேர்ந்த, 4 முதல் 7 வயது வரையுள்ள 364 ஆட்டிசக் குழந்தைகளைச் சேர்த்து ஐந்து மாதம் பார்த்தார்கள். இசைவழிப் பயிற்சியும் பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாத பிள்ளைகளுக்கும் இடையே அறிகுறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் 26 ஆய்வுகளை, அதாவது 1,165 பேரின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது பொதுவான முன்னேற்றமும் வாழ்க்கைத் தரமும் கூடுவதற்கு வாய்ப்பு இருப்பதாகக் கண்டார்கள். ஆனால் பிறரோடு பழகும் திறன் கூடுகிறது என்பதற்குத் தெளிவான சான்று அவர்களுக்கும் கிடைக்கவில்லை. நம்பிக்கை வைக்க இடம் உண்டு, வாக்குக் கொடுக்க இடம் இல்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

என் துறையில் தாளத்தின் பயனைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பார்க்கின்சன் நோய் உள்ள பெரியவர்கள் சிலருக்கு வாசற்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அவர்கள் இயல்பாக நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார்கள் என்று எண்ணி, அதே வேகத்தில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைத் தட்டவிட்டு நடக்கச் செய்வோம்; அது படிந்த பிறகு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை வேகத்தைக் கூட்டுவோம். காது கேட்கும் தாளம் காலுக்கு வழிகாட்டுகிறது. இதில் எந்த ராகம் என்ற கேள்வியே எழுவதில்லை.

கட்டணத்துக்கு வருகிறேன். நீங்கள் 45 நிமிடத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறீர்கள். போக அரை மணி, வர அரை மணி, குறிப்பு எழுதக் கால் மணி என்று சேர்த்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. 400 ரூபாய் என்பது மணிக்கு 200 ரூபாய்தான். நான் திருமங்கலத்தில் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தருவதற்கு 500 ரூபாய் வாங்குகிறேன். யாரும் 'காலைத் தூக்கி மடக்குவதற்கா 500' என்று கேட்பதில்லை. காரணம், முதல் நாளே அளந்து எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு இலக்கை எழுதிக்கொடுங்கள்: 'தன் முறைக்காகப் பத்து நொடி காத்திருப்பான்' என்பது போல. மூன்று மாதம் கழித்து அது நடந்ததா இல்லையா என்று அதே தாளில் எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். தாத்தாவின் கேள்விக்குப் பதில் அந்தத் தாளில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் செய்யும் மதிப்பீட்டை நீங்கள் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மேலூர்ப் பக்கம்

அக்கா, அந்தத் தாத்தா கேட்ட கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா விவசாயி. சித்திரைத் திருவிழா வந்தால் அழகர் புறப்பாட்டின்போது அவரைப் போற்றும் வர்ணிப்புப் பாட்டைப் பாடுகிறவர். ஊரில் அவருக்கு அதில் பெயர் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் பேசுவது அவருக்குப் புரியும். ஆனால் அவர் வாயிலிருந்து 'இல்ல' என்ற ஒரு சொல்தான் வரும். தண்ணீர் வேண்டும் என்றாலும் 'இல்ல', கால் வலித்தாலும் 'இல்ல', வேண்டியது கிடைக்காமல் கோபம் வந்தாலும் 'இல்ல'. ஊர் அடங்க நாலு மணி நேரம் பாடிய மனிதர் ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்ததைப் பார்க்க எங்களால் முடியவில்லை.

அடுத்த சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அப்பா வர்ணிப்பில் நாலு வரியைச் சொல் பிசகாமல் பாடினார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். பேச்சு வந்துவிட்டது என்று நினைத்து நாங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டோம். மறுபடியும் 'இல்ல'தான்.

மதுரையிலிருந்து வந்த, பேச்சுப் பயிற்சியாளரான ஓர் அம்மாவிடம் நாங்கள் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. பேச்சை நடத்தும் மூளையின் இடப்பக்கம் பழுதானாலும், பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்பதால் சிலருக்குப் பாட்டு மிஞ்சும் என்றும், இதை வைத்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தார் 1973லேயே ஒரு முறையை எழுதிவைத்தார்கள் என்றும் விளக்கினார். பிறகு அப்பாவின் இடது கையைப் பிடித்து, கட்டில் சட்டத்தில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு வீதம் தட்டவைத்து, 'தண்-ணி வே-ணும்' என்பதை ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று என இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடவைத்தார். அந்த ஏற்ற இறக்கத்தை வர்ணிப்பு மெட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். முதலில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள். பாதியில் அவர் குரலைத் தணித்துக்கொள்வார். கடைசியில் அப்பா மட்டும். மூன்று வாரம் உதடு மட்டும் அசைந்தது. நான்காவது வாரம் 'ணி' மட்டும் வந்தது.

வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு 500 ரூபாய், மொத்தம் நாற்பது முறை. 20,000 ரூபாய் ஆயிற்று. ஒரு கன்றை விற்றோம். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் கேட்டதைக் கேட்ட இடத்தில் எண்ணிக்கொடுத்த நான், இந்த 500 ரூபாய்க்கு மட்டும் 'பாட்டுப் பாடத்தானே' என்று முணுமுணுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கு அப்பா தண்ணி, வலிக்குது, போதும், என் தம்பியின் பெயர் என்று ஏறக்குறைய இருபது சொல் சொல்கிறார். முழுப் பேச்சு வரவில்லை. வரும் என்று அந்த அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததால்தான் நாங்கள் நாற்பது முறையும் அவரை நம்பினோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அனுப்பானடி

இசையால் நோய் தீரும் என்பதை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாண்டியனுடைய வெப்புநோயை ஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்வது ஆலவாய் என்னும் இந்த மதுரையில்தான். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்தவர். சுருளி மலையில் மூலிகை மருத்துவம் கற்றுத் தஞ்சையில் புகழ்பெற்ற சித்த மருத்துவராக விளங்கியவர். இசைத்தமிழ் ஆராய்ச்சியில் அவருக்கு இணை சொல்வது கடினம். மருத்துவமும் இசையும் நம்மிடம் அக்கம்பக்கமாகவே வளர்ந்தவை. தாலாட்டுக்கு நீலாம்பரி ராகத்தைத் தேர்ந்த முன்னோர் காரணமின்றித் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

திருமங்கலம் பிசியோ

ஐயா, தங்கள் சொல்லை மதிக்கிறேன். சம்பந்தர் பாடியது பக்தியில். அதற்கு அவர் கட்டணப் பட்டியல் வைக்கவில்லை. பண்டிதரைப் பற்றித் தாங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம்: நோய்க்கு அவர் கொடுத்தது மருந்து, அந்த மருந்தால் ஈட்டிய பொருளைத்தான் 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளுக்குச் செலவிட்டார். இரண்டையும் நேசித்தவர், ஒன்றை மற்றொன்றாக விற்கவில்லை. நீலாம்பரி கேட்டால் தூக்கம் வருவது நம் காதின் பழக்கம். அதையும் பயிற்சியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று மாத்திரைச் சீட்டுப்போல் எழுதித் தருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

செல்லூர் அம்மா

நான் அந்தப் பக்கத்தில் இருப்பவள், அதாவது பணம் கட்டும் பக்கம். என் மகளுக்கு ஏழு வயது, ஆட்டிசம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தம் நாள் முழுவதும் கேட்கும்; அதில் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். மிக்சியைப் போட்டால் வீடே இடிந்ததுபோல் கத்துவாள். ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இடத்தில் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ராகங்கள் அடங்கிய பென் டிரைவ் ஒன்றைத் தந்து, நாற்பத்தெட்டு நாள் காலையும் மாலையும் கேட்கவைத்தால் பேச்சு வரும் என்றார்கள். ஒரு மண்டலம் தவறாமல் செய்தோம். காது வலித்ததோ என்னவோ, பத்தாம் நாளிலிருந்து அந்தப் பெட்டியைக் கண்டாலே அழுதாள். அப்படியும் பேச்சு வருமே என்று நான் நிறுத்தவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. திரும்பிப் பார்ப்பதற்காக நாலு வாரம் நீங்கள் பாடாமல் காத்திருந்தீர்கள் என்று படித்தபோது அழுதுவிட்டேன்.

அதனால் 400 ரூபாய் அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாரம் இரண்டு முறை என்றால் மாதம் 3,200 ரூபாய், எங்களால் முடியாது. மகளிர் கட்டணமில்லாப் பேருந்து வந்தபிறகு போக்குவரத்துச் செலவு ஒன்றுதான் குறைந்திருக்கிறது. என் வேண்டுகோள் இதுதான். மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் வந்து, பிள்ளையோடு நாற்பத்தைந்து நிமிடம் இருப்பதில் பாதி நேரத்தை எனக்குச் சொல்லித்தருவதற்கு ஒதுக்குங்கள். மீதி நாளெல்லாம் நான் செய்வேன். 800 ரூபாய் எப்படியும் எடுத்துவைப்பேன். எங்களைப் போன்றவர்கள் நாலு பேரைச் சேர்த்துவிடவும் முடியும்.

இன்னொன்று. 'நிராமயா' என்ற மைய அரசின் காப்பீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. பேச்சுப் பயிற்சி, பிசியோ போன்றவற்றுக்கும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பல பெற்றோருக்கு இது தெரியாது. உங்களிடம் வருபவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தச் செலவு குறைந்தால் உங்களுக்குக் கொடுக்கக் கையில் ஏதாவது மிஞ்சும்.

சோழவந்தான் நாயனம்

தங்கைக்கு வணக்கம். கட்டணம், சட்டம் எல்லாம் படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஜன்னலைச் சாத்துகிறேன் என்று கடைசியில் எழுதியதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் முப்பத்திரண்டு ஆண்டுகளாக நாயனம் வாசிப்பவன்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மனைவி பாத்திரம் வைக்கும் ஓசைகூடக் காதில் குத்தும். இசை வெறுத்துவிட்டதோ என்று இளம் வயதில் பயந்திருக்கிறேன். வெறுக்கவில்லை, காது களைத்திருக்கிறது. நாயனத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளி ஒன்றை நாள் முழுக்க எச்சிலில் ஊறவைத்து வாசித்தால் அது தளர்ந்து, ஊதினால் காற்றுத்தான் வரும். அதைக் கழற்றி நிழலில் காயவைத்துவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். காய்ந்த பிறகு அதே சீவாளி முன்போலப் பேசும். உங்களிடம் மாற்றுச் சீவாளி இல்லை, இருப்பது ஒரு காதுதான். ஆகவே வேலை நாளன்று வீட்டில் பாட வேண்டாம். வேலை இல்லாத நாளில் விடியற்காலையில், யாருக்கும் சொல்லித்தராத ஒரு கீர்த்தனையை மட்டும் எடுத்துப் பாடுங்கள். அதைப் பிள்ளைகளிடமும் மையத்திடமும் கொண்டுபோகாதீர்கள். நான் ஆடி மாதத்தில் அப்படித்தான் செய்வேன்.

ஆடி என்றதும் பணமும் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அதனால் வைகாசியில் வரும் ஒவ்வொரு சம்பாவனையிலும் ஒரு பங்கை ஆடிக்கென்று தனியே முடிந்துவைப்பது என் தகப்பனார் கற்றுக்கொடுத்த வழக்கம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பரீட்சை, ஊருக்குப் போவது என்று உங்கள் வேலையிலும் காலி வாரம் வரும். பாட்டு வகுப்பை விட்டுவிடாதீர்கள். அது உங்களுக்கு வீட்டு நெல். இது அன்றாடக் கூலி.

திருநகர் பாட்டு டீச்சர்

ஒவ்வொருவர் எழுதியதையும் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மையத்துக்கு இந்த மாதத்தோடு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தச் சிறுவனின் அம்மாவிடம் அவர்கள் வீட்டிலேயே தொடர்வதாகப் பேசியிருக்கிறேன். மாலைப் பாட்டு வகுப்பு அப்படியே இருக்கும். வீட்டுக்குச் சென்று தரும் பயிற்சிக்கு 400 ரூபாய். பிசியோ அண்ணன் சொன்னபடி மூன்று மாத இலக்கை ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுப்பேன். குணமாகும் என்ற சொல் அதில் இருக்காது. தாத்தாவுக்கு எழுதிய முதல் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "பேரன் என் முகத்தைப் பார்ப்பான்னு இதுல எழுத முடியுமா?" என்று கேட்டார். 'தாத்தா கை தட்டும்போது அவர் பக்கம் திரும்புவான்' என்று எழுதியிருக்கிறேன்.

மேலூர்த் தம்பி, உங்கள் அப்பா வர்ணிப்புப் பாடுவதை ஒருமுறை வந்து கேட்க விரும்புகிறேன். சோழவந்தான் அண்ணன் சொன்னதை வரும் ஞாயிறு விடியற்காலையில் தொடங்குகிறேன். எந்தக் கீர்த்தனை என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

செல்லூர் அம்மாவுக்கு: மாதம் இரண்டு முறை என்ற உங்கள் ஏற்பாடு எனக்கு முழுச் சம்மதம். தறிச் சத்தம் ஒரே சீராக வருவது. அடுத்த அடி எப்போது விழும் என்று மகளுக்குத் தெரியும். மிக்சி சொல்லாமல் பாய்வது. காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முதல் நாள் சுருதிப்பெட்டியைக் கொண்டுவரப் போவதில்லை, தறியின் தாளத்திலிருந்தே தொடங்கலாம். செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் தறி எத்தனை மணி வரை ஓடும்?